ஏழு நாற்பது

இரவுக் கடமை முடித்து
ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிள் எடுத்து
கொக்குவில் வந்து சேர ஏழரை.
சீருடையை ஊறப்போட்டு
ஷவரைத் திறக்க ஏழு நாற்பது.

முதல் நிமிடம் ஒழுங்கான சூடு.
கழுத்தில் இறுகிக் கிடந்த பதினேழாம் வாட்டு
மெல்ல அவிழும்.
பிறகு சுள்.
விலகி நின்று மூச்சு விடமுதல்
பச்சைத் தண்ணீர்,
தை மாதத்துப் பச்சைத் தண்ணீர்,
கண்ணெல்லாம் நுரையோடு நான்.

சுவரில் அந்த வெள்ளைப் பெட்டி
வயிற்றில் ஒரு சொட்டும் சேர்த்து வைக்காதது.
வருகிற தண்ணீரை வருகிற வேகத்திலேயே
சுடவைத்து அனுப்பும்
அன்றாடங்காய்ச்சி.
"டிக்" என்றது.
சிவப்புக் கண்ணை மூடிக்கொண்டது.

குருநகரிலிருந்து றெஜினோல்ட் வந்தார், ஒரு பின்னேரம்,
காதில் பென்சிலோடு.
வோல்ற்றேஜ் பார்த்தார்: இருநூற்று ஐந்து.
"விளக்கு வைக்கிற நேரம் இறங்கும் மிஸ்ஸி,
காலமையில அது காரணமில்லை."
வடியைக் கழற்றி உள்ளங்கையில் தட்டிக் காட்டினார்.
அடிப்பிடித்த சோற்றுப் பொருக்குப் போல
வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்பு.
"எங்கட கிணத்துத் தண்ணி
கல்லைக் கரைச்சுக் குடிச்சு வளந்தது."
கழுவி மாட்டினார். ஆயிரத்தைந்நூறு.
அடுத்தநாள் ஏழு நாற்பத்திரண்டுக்கு
மறுபடி சுள்,
மறுபடி பச்சை.

நோயாளி என்றால் எனக்கு வழி தெரியும்.
ஏறி இறங்குகிற காய்ச்சலை
நான்கு மணிக்கொருதரம் எழுதி வைத்தால்
தன் வழக்கத்தைத் தானே சொல்லிவிடும்.
கதவின் பின்னால் ஒரு தாள் ஒட்டினேன்.

திங்கள், 7.42. சூடு, பின் குளிர்.
செவ்வாய், 7.41. அதே.
புதன் லீவு. மத்தியானம் குளித்தேன்,
மொட்டைமாடிக் கறுப்புத் தாங்கி வெயிலைக் குடித்திருந்தது,
பெட்டியைப் போடவேயில்லை. கணக்கில் சேராது.
வியாழன், 7.42.
வெள்ளி
ஒன்றுமில்லை. ஆறு நிமிடம் ஒரே சூடு.
பயமாக இருந்தது.

வெள்ளியில் என்ன?
வெள்ளியில் கீழ்வீட்டு சபாநடேசர்
விடியவே நல்லூருக்குப் போய்விடுவார்.

சனி, ஈரத்தலையோடு யன்னலால் எட்டிப் பார்த்தேன்.
சாரத்தை மடித்துக் கட்டி
தேசி மரத்தடியில் மனிசன்,
கையில் ஹோஸ்பைப்.

ஒரே தாங்கி. ஒரே குழாய்.
அவர் திறக்க எனக்கு வரத்துக் குறையும்,
குறைந்த தண்ணீருக்கு அதே நெருப்பு: சுள்.
இன்னும் குறைய, பெட்டி பயந்து
தன்னை அணைத்துக்கொள்ளும்: பச்சை.
ஒரு நோய், இரண்டு குணங்குறி.
றெஜினோல்ட் வந்தது பின்னேரம்,
அப்போது மரம் குடிப்பதில்லை.

இறங்கிப்போய்ச் சொன்னேன்.
காது மந்தம், இரண்டாம்தரமும் சொன்னேன்.
"நீர் குளிக்கிறது எனக்கெப்பிடிப் பிள்ளை தெரியும்?"
நியாயம்தான். இரண்டு வருடமாய்
வாடகைக் காசைத் தவிர
எங்களுக்குள் ஒன்றும் கைமாறவில்லை.

நான்கு தேசிக்காய் பிடுங்கித் தந்தார்.
மூன்றைப் பிழிந்து சொப்பிங் பையில் விட்டு
ஷவர்த் தலைக்கு முகமூடி போல் கட்டி
வேலைக்குப் போனேன்.
வந்து பார்க்க
அடைபட்ட துளைகளில் பதினொன்று திறந்திருந்தன.
மற்றது தேத்தண்ணிக்கு என்று வைத்து
மறந்து, காய்ந்துபோனது.

இப்போது எட்டரைக்குத்தான் தண்ணீர் விடுகிறார்.
சில காலைகளில் மறந்துபோகிறார்.
சுள்ளென்றதும் சவர்க்காரப் பெட்டியால்
குழாயில் இரண்டு தட்டுத் தட்டுவேன்,
கேளாது என்று தெரிந்தும்.
பிறகு சுவரோரம் ஒதுங்கி நின்று எண்ணுவேன்.
தேசி மரம் குடித்து முடிய
வழக்கமாய் நூற்றுப்பத்து.

இன்றைக்கு நூற்று நாற்பது ஆயிற்று.
பூக்கத் தொடங்கியிருக்கும் போல.