பதினேழு எட்டு

ரெஜைனாவிலிருந்து எந்தத் திசையில் ஓட்டினாலும்
கடலுக்கு இரண்டு நாள்.
வெயினி கடல் பார்த்ததில்லை.
அவளுக்குத்தான் ஏழாவது பிறந்தநாளில்
கடற்கொள்ளைக்காரி ஆகவேண்டுமாம்.
"கடல் இல்லாட்டி என்ன, கொள்ளை இருக்கே"
என்றான் மணிமாறன்,
வீட்டுக்கடன் தவணையை அனுப்பிக்கொண்டே.

வெள்ளைத்தாளைக் காபி டிகாஷனில் ஊறப்போட்டேன்.
முந்நூறு வருஷத்துப் பழுப்பு
இருபது நிமிடத்தில் ஏறிவிட்டது.
விளிம்பைக் கருக்க அடுப்பில் தீ இல்லை,
எல்லாம் மின்சாரச் சுருள்.
சாமி விளக்கில் காட்டினேன்.
முருகன் பார்க்காத மாதிரி இருந்தார்.
நேர்காணலுக்கென்று வாங்கிய கறுப்புக் கால்சட்டை
பத்து ஒற்றைக்கண் மறைப்பானது.
(அந்த வேலை கிடைக்கவில்லை.)
கொடியில் மண்டையோடு வரையக் கை வரவில்லை,
பிறந்தநாளும் அதுவுமா.
கொஞ்சம் சிரிக்க வைத்தேன்,
திருஷ்டிப் பூசணிக்காயாக வந்தது.

வெள்ளி இரவு எல்லாரும் தூங்கியபின்
மணிமாறனின் பூட்ஸை மாட்டிக்கொண்டு
ஐஸ்கிரீம் வாளி நிறையத் தங்கக்காசு,
காகிதம் தங்கம், உள்ளே சாக்லேட், மொத்தம் நாற்பது,
கராஜ் மூலையிலிருந்து பதினேழு எட்டு வைத்துப்
பனியில் தோண்டிப் புதைத்தேன்.
மேலே சிவப்புத் துணியில் பெருக்கல் குறி.
யாரிடமிருந்தோ அடித்த பொருள் போல
நெஞ்சு படபடத்தது.

விடியுமுன் வந்தது
மார்ச் மாதத்துக்கென்றே எடுத்துவைத்திருந்த காற்று.
சிவப்பு எங்கும் இல்லை.
பின்பக்கம் முழுக்க
அலை அலையாய் உறைந்த வெள்ளை.
"அம்மா, கடல்!" என்றாள் வெயினி.

ஹர்ஜோத், தோபே, ஹான்செல், இரண்டு மேடிசன்கள்,
இன்னும் யார் யாரோ,
பனியுடைக்கு மேல் கண்மறைப்பு,
கையில் மணல்வீடு கட்டும் மண்வாரி.
பதினேழு எட்டு. யார் எட்டு?
தோபேயின் எட்டு ஓரிடம் நின்றது,
என் எட்டு வேறிடம்.
அதே பூட்ஸை மாட்டிப் பார்த்தும்
நேற்றைய என் கால் திரும்பி வரவில்லை.
ஒரு மணி நேரம். பதினொரு குழி.
மூக்கெல்லாம் சிவப்பு.
"புதைச்ச இடத்தையே மறந்த கேப்டன்" என்று
ஹான்செல் குற்றம் வாசித்தான்.
தண்டனை: பலகை நடை.

இஸ்திரிப் பலகையை மரத்தளத்தின் விளிம்பில் நீட்டி
பின்முனையில் மணிமாறனை உட்காரவைத்தார்கள்.
அட்டைக் கத்தி முதுகில் குத்தியது.
இந்த ஊர்க் குளிரை
ஒன்பது வருஷமாய் ஓரமாகவே கடந்து போனவள் நான்.
குதித்தேன்.

இடுப்பு வரை இறங்கியது.
கழுத்துக்குள் புகுந்தது, உள்பாவாடை வரை விசாரித்தது.
ஒரு பூட்ஸ் அங்கேயே நின்றுகொண்டது.
நான் போட்ட சத்தத்தில்
எனக்கே தெரியாத ஒரு சிரிப்பு இருந்தது.
அப்புறம் ஒவ்வொருவராய்,
ஒரு பாவமும் செய்யாதவர்கள்,
வரிசையில் நின்று தண்டனை கேட்டார்கள்.

இட்லிக்குப் பல்குச்சிப் பாய்மரம் நட்டுச்
சாம்பாரில் மிதக்கவிட்டிருந்தேன்.
ஹர்ஜோத் ஒருத்தனே ஏழு கப்பலை மூழ்கடித்தான்.
புதையலை யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் கடைசி. கூரை சொட்டுகிறது.
கதவைத் தட்டியது பக்கத்து வீட்டு வசில்.
நேற்றுத்தான் கண்புரை அறுவை,
இடக்கண்ணில் வெள்ளை மறைப்பு,
கையில் ஐஸ்கிரீம் வாளி.
குட்டை வேலி பிப்ரவரியிலேயே மூழ்கிவிட்டதை மறந்து
அவர் நிலத்தில் புதைத்திருக்கிறேன்.

வெயினி இப்போது விண்வெளிக்காரி.
தலையில் கவிழ்த்திருந்த வடிதட்டைக் கழற்றிவிட்டு
அவர் கண்ணையே பார்த்தாள்,
வெகுநேரம்.
பிறகு வாசற்படியிலேயே கொட்டி எண்ணினாள்.
முப்பத்தேழு.
மறுபடியும் எண்ணினாள்.

வசில் மிச்சமிருந்த கண்ணால்
சொட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
மீசையில் சாக்லேட்.