லேன் எண் ஐந்து

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஐந்தாம் லேன் என்னுடையது.
வைகாசி முழுக்க மாங்காய் லாரிகள்,
கூழ் ஃபேக்டரிக்குப் போகிற தோத்தாபுரி.
புளித்த வாசனை பூத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
அன்றைக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நெஞ்சுக்குள் யாரோ ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டுக்
காலை எடுக்க மறந்துபோனார்கள்.
தடுப்புக் கட்டையை உயர்த்தினேன்.
அதுவரைதான் ஞாபகம்.

பெரியாஸ்பத்திரியில் இருநூற்றுப் பத்து என்றார்களாம்.
ஷாக் கொடுத்த இடம்
இஸ்திரிப்பெட்டி பட்டது போலச் சிவந்திருந்தது.
ட்யூட்டி டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும்.
நெஞ்சின் நடுவே இறங்கும் தழும்பைப் பார்த்துக் கேட்டார்:
"சின்ன வயசுல என்ன ஆபரேஷன்?"
"ஓட்டை அடைச்சாங்க."
"ஓட்டை மட்டுமா? வால்வையும் தொட்டாங்களா?
ஒட்டுப் போட்டாங்களா? எந்த இடத்துல?"
நாலு வயதில் நான் கேட்டு வைத்திருக்க வேண்டும்.

உதடு நீலமாகப் பிறந்தவள்.
அழுதால் நாவல்பழம் தின்ற வாய்.
ஆபரேஷன் முடிந்து சிவந்ததும்
சரியாகப் போச்சு என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள்.
ஃபைலை அம்மா பீரோவில் வைத்திருந்தாள்.
பெண் பார்க்க வருகிறார்கள் என்று பரணில் ஏற்றினாள்.
கரையான் பக்கம் பக்கமாக வாசித்து முடித்தது.
மிஞ்சிய ஒரே ரிக்கார்டு என் தோல்.

பெங்களூரில் தொடை வழியாக வயர் அனுப்பினார்கள்.
முழித்துத்தான் இருந்தேன்.
முதலில் அதை வரவழைக்க வேண்டுமாம்,
வந்தால்தான் எங்கே குடியிருக்கிறது என்று தெரியுமாம்.
எங்கள் பக்கம் பேயோட்டுகிறவரும் இதையேதான் சொல்வார்.
இங்கே உடுக்கை மட்டும் இல்லை.
தூண்டினார்கள். வரவில்லை.
மறுபடி தூண்டினார்கள்.
டோல்கேட்டில் அத்தனை வண்டிக்கு முன்னால் வந்தது
இங்கே நாலு பேரைக் கண்டு வெட்கப்பட்டது.

பிறகு வந்தது.
கோலப்பொடிக் கடை கவிழ்ந்த மாதிரி
திரையில் என் இதயம்.
தழும்பு உள்ளேயும் இருந்தது, சாம்பல் நிறத்தில்.
ஒட்டுக்கும் வால்வுக்கும் நடுவே விரல் அகலத்தில் ஒரு சந்து.
மின்சாரம் அதில் நுழைந்து, ஒட்டைச் சுற்றி,
திரும்பவும் அதிலேயே நுழைந்து,
எந்த ரோட்டில் பிரிவது என்று தெரியாமல்
ரவுண்டானாவையே சுற்றும் வெளியூர் வண்டி.

"அந்த டாக்டர் விட்டுட்டுப் போனதா சார்?"
"விடலம்மா. அவர் தைக்காம இருந்தா
நீ இங்க படுத்துக்கிட்டு என்னைக் கேள்வி கேட்க மாட்ட.
தையல்னா ஓரம்னு ஒண்ணு இருக்கும்."

அந்த வழியைச் சுட்டு அடைத்தார்கள்.
உள்ளே பச்சைமிளகாய் கடித்த காந்தல்.
மறுபடி கூப்பிட்டார்கள்.
அரைமணி நேரம் விதவிதமாகக் கூப்பிட்டார்கள்.
வரவில்லை.
அப்போதுதான் அழுதேன்.
ஏன் என்று கேட்ட நர்சிடம்
மூக்கு அரிக்குது, கை கட்டியிருக்கு என்றேன்.
அதுவும் உண்மைதான்.

"குணமாயிடுச்சா?"
"இது அடங்கிடுச்சு. வருஷா வருஷம் வா.
வேற சந்து திறக்கலாம்."

இப்போது ஐந்தாம் லேனில் மாங்காய் முடிந்து
கல் குவாரி லாரிகள்.
டிஸ்சார்ஜ் தாள் பன்னிரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்தேன்.
தம்பிக்கு அனுப்பினேன். சூப்பர்வைசருக்கு அனுப்பினேன்.
காவேரிப்பட்டணத்திலிருந்து பார்த்துவிட்டுப் போன
சென்றாயனுக்கும் அனுப்பினேன்,
அம்மாவிடம் சொல்லவில்லை.
இரண்டு நாள் சத்தமில்லை.
மூன்றாம் நாள் ராத்திரி ட்யூட்டியில் போன் அதிர்ந்தது:
"ஏழாம் பக்கம் மங்கலா இருக்கு,
படிக்க முடியல."

ஏழாம் பக்கத்தை
விளக்குக்குக் கீழே வைத்து
மறுபடி எடுத்தேன்.