மிதிபடாத பனி

இரவு முழுக்க ஸ்நோ கொட்டினால்
யாராவது நடக்கும்வரை நான் நடப்பதில்லை.
பஸ் தரிப்பிலேயே நிற்பேன்.
மில்னர் வீதிக் கிடங்கின் வாசலுக்கு
எண்பது அடிதான்.
எண்பதும் வெள்ளை.
பிந்தினால் கால் மணிநேரச் சம்பளம் வெட்டு.
வெட்டட்டும்.

ஃபோனைப் பார்த்தபடி யாரோ ஒருவர் போவார்.
அந்தத் தடங்களுக்குள்
என் சப்பாத்தைப் பொருத்திப் பொருத்திப் போவேன்.
நாய் போன தடத்தை நம்பமாட்டேன்.
எடை போதாது.

“குளிருக்குப் பயமா, லூசி?”
புவனலோசினியைச் சுருக்கி
அட்டையில் அப்படி அடித்துவிட்டார்கள்.
பொதி கட்டுகிற தமிழ்ப் பெடியள்
கடைசி எழுத்தை மாற்றிக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள்.
எனக்கு இது மூன்றாவது பெயர்.
இரண்டாவதை எந்தப் படிவத்திலும் எழுதியதில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது:
ஆயுதம் ஏந்திய அமைப்பு எதிலாவது, எப்போதாவது?
இல்லை என்ற கட்டத்துக்குள் புள்ளடி போட்டேன்.
பேனை ஒழுங்காகத்தான் எழுதியது.

ட்ரெவரிடம் அதை யாரும் கேட்கவில்லை.
கந்தகாரில் பாதையோரம் புதைத்த ஒன்று
அவன் இடது பாதத்தை எடுத்துக்கொண்டது.
இப்போது கார்பன் பாதம்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.
சாப்பாட்டறையில்
சுவருக்கு முதுகு கொடுத்த நாற்காலி ஒன்றே ஒன்று.
முந்தி வருகிறவர் இருப்போம்,
மற்றவர் நின்றபடி சாப்பிடுவோம்.
ஏன் என்று
அவனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

நவம்பர் பதினொன்று, பகல் பதினொரு மணி.
பெல்ட் நின்றது.
இரண்டு நிமிடம்.
அவன் சட்டையில் சிவப்புப் பூ.
எல்லோரும் அவனைப் பார்க்காததுபோல் பார்த்தார்கள்.
நான் தரையைப் பார்த்தேன்.
என் வாய்க்குள் பதினேழு பெயர்கள்.
பத்தாவது பெயரின் நடுவில்
பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது.

தை மாதம் ஒரு விடியற்காலை.
பஸ் தரிப்பில் என்னைக் கண்டான்.
ஸ்நோவைப் பார்த்தான்.
என் சப்பாத்தைப் பார்த்தான்.
“பின்னால் வா” என்றான்.

வலது காலுக்கு ஆழக் குழி.
இடது காலுக்கு ஓரம் இழுபட்ட குழி.
அவன் பாதம் இறங்கும் ஒவ்வொரு முறையும்
காதைப் பொத்த எழுந்த கையை
கோட்டுப் பொக்கற்றுக்குள் திணித்தேன்.
பாதி வழியில், திரும்பாமலே,
“நீயும் மிதித்தாயா?” என்றான்.

“இல்லை.”
இந்த முறை அது உண்மை.

முகமாலை, தென்னைகளுக்கிடையில்,
இருநூற்றுப் பதினான்கு.
நடுவது என்றுதான் சொல்வோம்,
கத்தரிக்கன்றுபோல.
மண்ணை விரலால் நீவி,
நீவிய விரலின் தடத்தையும் நீவி,
பின்பக்கமாகவே நகர்ந்து வரவேண்டும்.
எனக்குக் கை நல்ல சுத்தம் என்பார்கள்.
வரைபடம் ஒன்று இருந்தது.
வைத்திருந்தவள் இல்லை.

இரவுகளில் ஃபோனில் தேடுவேன்.
கிண்டி எடுக்கிறவர்கள் கணக்குச் சொல்கிறார்கள்,
இத்தனை சதுர மீற்றர், இத்தனை வருடம் என்று.
கால் கணக்கில் யாரும் சொல்வதில்லை.

வாசலில் அவன் வலது சப்பாத்தைத் தட்டினான்.
பிறகு, தேவையில்லாமல், இடதையும்.
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
சொல்லியிருக்கலாம்.
மணி அடித்துவிட்டது.

மத்தியானம் நாற்காலியை அவனுக்கு விட்டுவிட்டு
ஜன்னலோரம் நின்றேன்.
அவன் வந்தான், நாற்காலியைப் பார்த்தான்,
குளிர்பெட்டியில் சாய்ந்து நின்றபடி
சாண்ட்விச்சைப் பிரித்தான்.
கொஞ்ச நேரம் அது சும்மா கிடந்தது.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வந்தாள்.
நாற்காலியை இழுத்துத் திருப்பினாள்,
கதவுக்கு முதுகைக் காட்டி இருந்தாள்,
சோற்றுப் பெட்டியைத் திறந்தாள்.

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை
நாங்கள் இருவரும்
கதவைப் பார்த்துக்கொண்டோம்.