பிற காரணங்கள்

மாதம் இருபத்துமூன்றாம் தேதி
எல்லோருடைய விலையும் எனக்குத் தெரியும்.
நூற்று முப்பத்தெட்டுப் பேர்.
மாடிப்படியில் எதிர்ப்பட்டால்
முகத்துக்கு முன்னால் எண் வந்து நிற்கும்.
இரண்டுக்கும் சேர்த்து வணக்கம் சொல்வேன்.

இந்த நாட்டில் சம்பளம் உள்ளாடை மாதிரி.
எல்லோரும் அணிந்திருப்பார்கள்.
யாரும் காட்டமாட்டார்கள்.

பீல் நகரம். ரயில்பாதைக்குப் பின்னால்
எலும்புக்குள் போகும் திருகாணிகள் செய்கிறோம்,
அரிசிமணியைவிடச் சிறியவை,
முறிந்த மணிக்கட்டை ஆயுளுக்கும் பிடித்திருப்பவை.
ஆட்களைப் பிடித்துவைக்க
மனிதவளப் பிரிவு கண்டுபிடித்தது வேறு:
"மாதத்தின் கை."
சட்டமிட்ட சான்றிதழ். கைதட்டல்.
நூறு ஃபிராங்குக்கு ரயில் பயணச் சீட்டு.

மார்ச்சில் அது அர்பெனிதாவுக்கு.
மூன்றாம் எண் கடைசல் இயந்திரம், வயது இருபத்துநான்கு.
வெட்டுமுனை மழுங்குவது
அளவுகோலுக்குத் தெரியுமுன் அவள் காதுக்குத் தெரியும்.
புகைப்படத்தில் சிரித்திருக்கிறாள்.
சான்றிதழில் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது.

ஏப்ரலில் யானிக் வந்தான்.
எண்ணெய் மாற்றுவது, சத்தம் கேட்பது,
எந்த மேற்பார்வையாளரிடம் எப்போது பேசக்கூடாது என்பது,
எல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.
முதல் சம்பளச் சீட்டையும்
அவளிடமே எடுத்துப்போனான், பாவம்:
இந்த வரி என்ன?
அது ஓய்வூதியம். அது விபத்துக் காப்பீடு.
விளக்கிக்கொண்டே போன விரல்
மேல் வரிக்கு ஏறி
அங்கேயே நின்றுவிட்டது.

முந்நூற்று அறுபது ஃபிராங்க்.
அவளைவிட, மாதத்துக்கு.

அந்த எண்ணைத் தட்டியது நான்.
தட்டும்போது என் விரலும் நின்றது.
ஒரு நொடி. பிறகு அடுத்த பெயர்.

மதிய இடைவேளையில் வந்தாள்.
"தவறு ஏதும் நடந்திருக்குமோ?"
இல்லை, இப்போது சந்தை அப்படி, என்றேன்.
இயக்குநரின் சொல் அது. என் வாயில் தயாராக இருந்தது.
"நான் சந்தையில் இல்லையா?"
கோபமில்லை. வழி கேட்பவள் போலக் கேட்டாள்.
கதவுக்கு உள்ளே வந்துவிட்டவர்களுக்குச் சந்தை கிடையாது,
வெளியே போனால்தான் விலை,
என்று நான் சொல்லியிருக்கலாம்.
காப்பி ஆறுகிறது என்றேன்.

யானைப் பசி என்று யாரும் சொல்லவில்லை.
பூனைப் பசிதான்.
அதற்கும் நாங்கள் கொடுத்தது சோளப்பொரி,
அதுவும் சட்டமிட்டு.

ஜூலை கடைசியில் பதிவுத் தபால்.
விலகல் படிவத்தை நிரப்ப என் எதிரே உட்கார்ந்தாள்.
மேற்படிப்பு. குடும்பம். இடமாற்றம். பிற காரணங்கள்.
நான்கு கட்டங்கள்.
ஐந்தாவதை அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை.
'பிற'வில் கோடிட்டாள், பக்கத்து இடத்தை வெறுமையாக விட்டாள்.
எழுந்தபோது ஏதோ நினைவுக்கு வந்து சிரித்தாள்,
புகைப்படத்தில் இருப்பது போல இல்லை, இது வேறு சிரிப்பு:
"வின்டர்தூரில் நேர்காணலுக்கு
அந்த ரயில் சீட்டில்தான் போனேன்.
முதல் வகுப்பு. மிச்சமும் இருக்கிறது."

மூன்றாம் எண் இயந்திரத்துக்குத் தற்காலிக ஆள்.
முகவர் நிறுவனத்துக்கு மணிக்கு அறுபத்தெட்டு ஃபிராங்க்.
அந்தத் தாளில்
இரண்டு நிமிடத்தில் கையெழுத்து விழுந்தது.

செப்டம்பர் இருபத்துமூன்று.
அவளுடைய கடைசிக் கணக்கு:
பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தில் பன்னிரண்டுக்கு ஒன்பது பங்கு,
எடுக்காத விடுப்பு நான்கரை நாள்.
நான்கரையை ஐந்தாக்கினேன்.
யாரும் பார்க்கமாட்டார்கள். பார்த்தால் என் கைத்தவறு.

அடுத்த ஆண்டுக்குப் பன்னிரண்டு பயணச் சீட்டுகள்
வாங்கச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது.
நோக்கம் என்ற இடத்தில் வழக்கமாக
"ஊக்கப்பரிசு" என்று எழுதுவேன்.
இன்று "பயணம்" என்று எழுதிவிட்டு
அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

இழுப்பறையில் என்னுடையதும் ஒன்று கிடக்கிறது,
பத்தாண்டு நிறைவுக்குக் கொடுத்தது.
காலாவதித் தேதி
சிறிய எழுத்தில் இருக்கிறது.
கண்ணாடியைத் தேடுகிறேன்.