மான்குர்துக்கு முன்னால்

படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள்.
அடையாள அட்டையிலிருந்து எடுத்தது,
தோளில் கம்பெனி முத்திரையின் பாதி வட்டம்
அப்படியே வந்திருந்தது.
அதற்கும் சேர்த்து மாலை.

ஃபோர்ட், மூன்றாவது மாடி,
கப்பல் சரக்கு விடுவிக்கும் ஆபீஸ்.
ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றார் மேனேஜர்.
யாரும் கேட்கவில்லை.
சாவந்த் அழுதான். அவன் பெண்ணுக்குக் காலேஜ் பணம்
வேலாயுதப் பெருமாள் கட்டினாராம்,
யாரிடமும் சொல்லக் கூடாதென்று சொல்லி.
பியூன் லக்ஷ்மண் சொன்னான்:
'ஜி' போட்டு என்னைக் கூப்பிட்டது
இந்த மாடியில் அவர் ஒருத்தர்தான்.
நான் என் ஓட்டை இந்தியில்
பதினோரு வருஷம் பக்கத்து மேஜை என்று தொடங்கி
எங்கேயோ போய் மாட்டிக்கொண்டேன்.
இருந்திருந்தால்
"போதும்யா, ஃபைலை எடு" என்றிருப்பார்.

கேட்க வேண்டிய காது ஒன்றுதான்.
அதை மாலை மறைத்திருந்தது.

ஆறு ஐம்பத்திரண்டு பன்வேல் வண்டி.
வடாலாவில் உட்கார இடம் கிடைத்தது.
தம்பிக்குப் போன் போட்டேன்.
அப்பா போன வருஷத்தை
நீ இல்லாட்டி நான் தாண்டியிருக்க மாட்டேன்டா, என்றேன்.
கொஞ்ச நேரம் மிக்சி சத்தம்.
"எவ்வளவு வேணும்ணே?"

குர்லாவில் கூட்டம் ஏறியது.
யாருடைய பையோ என் மடியில்.
ஞானதிரவியத்தோடு பேசி எட்டு மாதம்,
சீட்டுப் பணத் தகராறு, தப்பு என்னுடையது.
அதைச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்.
"குடிச்சிருக்கியா?"
"இல்லை."
"டாக்டர் எதாச்சும் சொன்னாரா?"
"இல்லடா."
"பின்ன எதுக்குடா இப்படிப் பயமுறுத்துற"
என்று பிடித்துக்கொண்டவன்
செம்பூர் வரை திட்டினான்.
செம்பூர் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம்.

கோவண்டி.
மான்குர்து தாண்டினால் கழி, பாலம்,
அங்கே எப்போதும் சிக்னல் போகும்.
சொர்ணத்திடம் வீட்டுக்குப் போயே சொல்லலாம்தான்.
முகத்தைப் பார்த்தால் வராது,
இருபத்திரண்டு வருஷமாக வரவில்லை.

எடுத்தாள். பின்னால் குழாய்த் தண்ணீர்.
"சொல்லுங்க."
"ஒண்ணுமில்லை. நீ..."
எதிர்த் தண்டவாளத்தில் வண்டி.
"கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க!"

சத்தமாகச் சொன்னேன்.
தமிழ் தெரியாத நூற்றைம்பது பேர்
அவரவர் ஃபோனைப் பார்த்தபடி நின்றார்கள்.
டிபன் பையோடு ஒருத்தன் மட்டும்
சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி
இருட்டில் எதையோ தேடினான்.

பாலம்.
கீழே தண்ணீர் இருக்கும், தெரியவில்லை.
எந்தச் சொல் வரை போய்ச் சேர்ந்ததென்றும்
தெரியவில்லை.

வாஷியில் கோடுகள் திரும்பின.
ஒரு செய்தி:
"எந்த வண்டியில வர்றீங்க?"
அதற்குக் கீழே அவள்
ஏதோ எழுதுகிறாள்,
நிறுத்துகிறாள்,
மறுபடி எழுதுகிறாள்.