பச்சை உருளை

"கச்சான் காத்து திரும்பக் கொண்டாந்து கொட்டத்தான போவுது,
கீழக்கரையில் மண்ணை உறிஞ்ச மெஷின் எதுக்கு?"
கேட்டுக்கொண்டே எடைபோட்டான் காயலான் கடைக்காரன்.
பதினொரு கிலோ. இரும்பு விலை.

குவைத்திலிருந்து எழுபத்தொன்பதில் வந்ததாம்.
ஒரு சக்கரம் இல்லை.
என் கட்டிலுக்கடியில் ஏழு இருக்கின்றன, இது எட்டு.
ஷார்ஜாவிலிருந்து அவர்:
"புதுசு அனுப்புறேனே, ரயிஹானா?"
புதுசை வைத்து நான் என்ன செய்ய.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வந்துவிட்டார்கள்.
மண்டபம் ஐஸ் பேக்டரி இன்னாசி, கார்பன் பிரஷ் பொட்டலத்தோடு.
தொண்டியிலிருந்து ஹமீதா டீச்சர்,
ஓடும் சத்தத்தை வைத்தே வருஷம் சொல்பவர்.
இறால் கம்பெனிக் கணக்கர் பூமிராசன்.
அவரிடம் மெஷினே கிடையாது,
ஹோஸ் மட்டும் சேர்க்கிறார்.

தூசிப் பையை மடியில் வைத்துப் பிரித்தேன்.
நம் கடல்மணல் இல்லை,
சலித்த மாவு போல வெளிறிய மண்.
ஒரு ஜிகினாப் பொட்டு. பேரீச்சங்கொட்டை.

"கொட்டிக் கழுவிரலாம்" என்றார் பூமிராசன்.
"கழுவினா பாதி மெஷின் போச்சு" என்றார் டீச்சர்.
ஆறிய டீயில் ஆடை படியும்வரை சண்டை.

இன்னாசி யாரையும் கேட்கவில்லை.
ஹோஸைப் பின்வாயில் மாட்டி
சுவிட்சைத் தட்டிவிட்டான்.

வள்ளத்து எஞ்சின் போலக் கட்டையாய்த் தொடங்கி
மேலே மேலே ஏறியது சத்தம்.
மடியிலிருந்த மண் முழுக்கக்
கூரைக்குப் போனது.

நாங்கள் தும்மிக்கொண்டிருந்தோம்.
புழுதி மூடிய கண்ணாடிக்குள்
கண்ணைத் திறக்காமலே டீச்சர் சொன்னார்:
"எழுபத்து நாலு. ஒரிஜினல் மோட்டார்."

அப்படியானால் ஐந்து வருஷம்
வேறு யாரோ வீட்டில்.
அவர்கள் தரை
என் டீ கிளாஸில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.