இருபது தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு கேட்கும்.
ஏறுவதற்கு இருபது தெத்ரி. இறங்குவது இலவசம்.
திபிலீசிக்குப் புதிதாய் வருபவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.
நான் ஒன்பதாவது மாடி,
சிரித்து நாளாகிறது.

இரவு மூன்று பத்து.
கோமி முனகுகிறது.
சோளக்கூழின் நிறம், அதனால் அந்தப் பெயர்.
வைத்தவள் என் மகள் நுத்ஸா.
குளிப்பாட்டுவேன், நடத்திப் போவேன், அள்ளுவேன் என்று
மூன்று சத்தியம் செய்தவளும் அவள்தான்.
சத்தியம் மூன்றும்
அடுத்த அறையில் குறட்டை விடுகின்றன.

நைட்டிக்கு மேல் கோட்டு.
ஒரு கையில் நாய், ஒரு கையில் சாவி.
எட்டு, ஏழு, ஆறு, ஐந்து
நான்கைத் தொடும்போது
என் வயிற்றின் மேல் வெதுவெதுப்பாக ஏதோ
எங்களை முந்திக்கொண்டு இறங்குகிறது.

வெளியே பனி.
வந்த வேலை வழியிலேயே முடிந்துவிட்டதால்
கோமிக்கு உலகத்தைச் சுற்றிப் பார்க்க நேரமிருக்கிறது.
ஒரு சிகரெட் துண்டு.
யாரோ தின்று போட்ட எலும்பு.
பிடுங்குவதற்குள் விழுங்கிய இன்னொன்று.
காதில் மஞ்சள் வில்லை குத்திய கிழட்டுத் தெருநாய்
பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சுக்கடியிலிருந்து
தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.
பார்த்துவிட்டு
மறுபடியும் வாலுக்குள் முகத்தைச் சுருட்டிக்கொண்டது.
அதற்கு வீடில்லை. தூக்கம் இருந்தது.

திரும்பி வந்து கோட்டுப் பையைத் துழாவினால்
பிஸ்கட் தூள், அள்ளாத பை, ஒரு ஹேர்பின்.
நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள்.
நாய் இருந்தது. காசைக் காணோம்.
ஏறினேன். நூற்று நாற்பத்து நான்கு படி.

பகலில் நான் கணக்கெழுதுகிறவள்,
ஒரு வைன் கிடங்குக்கும் ஒரு பல் மருத்துவருக்கும்.
பல் மருத்துவரின் மார்ச் மாத ரசீதுகளை
கோமி தின்றுவிட்டது.
ஒளிக்காமல் சொன்னேன்.
எத்தனை மாதக் குட்டி என்று கேட்டார்.
மூன்றரை.
அப்படியென்றால் பால்பல் விழுகிற நேரம்,
ஏப்ரலையும் தின்னும் என்றார்.

நாய் விற்ற காசு குரைக்காதாம்.
வாங்கிய காசு
ராத்திரியெல்லாம் குரைக்கிறது.

செருப்பில் இடதுகால் மட்டும்.
நாற்காலியில் அதே ஒரு கால்,
வேலைக்குப் போகிறவனைப் போல
தினமும், நேரம் தவறாமல்.
போலந்தில் லாரி ஓட்டும் என் கணவன் பாதா
வீடியோவில் கூப்பிட்டு அதைக் கொஞ்சுகிறான்.
தொலைபேசிக்குள் நாய்கள்
மூத்திரம் போவதில்லை.

ஒரு நாள் கத்திவிட்டேன்.
எனக்குள் அப்படியொரு குரல் இருப்பது
எனக்கே தெரியாது.
பதினைந்து நாளாக, கையில் கோழித்துண்டோடு,
உட்கார், உட்கார் என்று கெஞ்சியும் உட்காராதது
அன்று உட்கார்ந்தது.
காதிரண்டையும் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டு.
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
கதவிடுக்கில் ஒரு மூக்கு
வெளியே போகவே இல்லை.

எட்டாவது மாடியில் ஜூஜூனா.
கோமி முனகினால்
எப்போதோ செத்துப்போன வெப்பக்குழாயைக்
கரண்டியால் தட்டுவாள்.
டங் டங் டங் டங்.
இரும்பு வழியே ஏறி
என் கட்டிலருகே வந்து நிற்கும் அவள் கோபம்.
அதற்குக் காசு தேவையில்லை.
லிஃப்ட்டில் பார்த்தால் பேசமாட்டாள்.
நான் காசு போடுவேன், அவளும் ஏறுவாள்,
பொத்தான்களையே பார்த்துக்கொண்டு.

நேற்று கோமி ஐந்து மணி நேரம் தூங்கியது.
மூன்று பத்துக்கு நான் மட்டும் விழித்தேன்.
சத்தமே இல்லை.
பயந்து குனிந்து விலாவைப் பார்த்தேன்.
ஏறியது, இறங்கியது.

அப்போது குழாயில்
டங்.
ஒரே ஒரு தடவை. மெல்ல.
தட்டிவிட்டுக் காது வைத்துக் கேட்பவள் போல.

சமையலறைக்குப் போய்க் கரண்டியோடு வந்தேன்.
எத்தனை முறை தட்டுவது?
ஒன்றுமில்லை, தூங்குகிறது என்பதற்கு
இரும்பில் என்ன சொல்?
இரண்டு முறை தட்டினேன்.

கோமி விழித்துக்கொண்டது.

கோட்டை எடுத்தேன். சாவியை எடுத்தேன்.
ஞாபகமாகக் காசையும்.